கூட்ஸ் வண்டியோடு படிக்கலாம், சீரியலோடு முடியாது

கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்திலிருந்து ஒரு தெரு தள்ளி எங்கள் வீடு. கூட்ஸ் வண்டி போனால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். அந்த வீட்டில் உட்கார்ந்துதான் இருபத்திரண்டு வருடங்களாக அச்சகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். பள்ளிக்கூட நோட்ஸ், கும்பாபிஷேக மலர், கல்யாணப் பத்திரிகை, எப்போதாவது ஒரு நாவல். பிழையில்தான் என் பிழைப்பு.

“இந்தச் சத்தத்தில் எப்படிப் படிக்கிறீர்கள்?” என்று வேலை கொடுக்க வருபவர்கள் கேட்பார்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் என் அண்ணன் மகனோ, “பாட்டு இல்லாவிட்டால் எனக்குப் படிப்பே ஏறாது அத்தை” என்று காதில் எதையோ செருகிக்கொண்டு உட்காருவான். இரண்டு பேருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். எவ்வளவு சத்தம் என்று பார்க்காதீர்கள். அந்தச் சத்தத்துக்குள் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரே ஓர் எழுத்தால். சில வருடங்களுக்கு முன் அறிவியல் நோட்ஸ் ஒன்று அவசரமாக வந்தது. பத்து பாரம், அதாவது 160 பக்கம். இரண்டு நாளில் வேண்டும். அலுப்புத் தெரியாமல் இருக்கட்டும் என்று ரேடியோவில் பழைய பாட்டுகளை ஓடவிட்டுக்கொண்டு பார்த்து முடித்தேன். புத்தகம் கடைக்குப் போன பிறகு ஓர் ஆசிரியர் போன் செய்தாராம்: “ஒலியின் வேகம் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறீர்களே?” காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒளி இருக்க வேண்டிய இடத்தில் ஒலி. ஆயிரம் பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டினோம். பசைக்கும் கூலிக்கும் என் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது ஓடிய பாட்டு எது என்று எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. பக்கம்தான் ஞாபகத்தில் இல்லை.

கண்ணால் படிக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் உள்ளே ஒரு குரல் கூடவே வாசித்துக்கொண்டு வருகிறது. லகரமா ளகரமா என்று பார்க்க வேண்டிய இடத்தில் என் நாக்கு வாய்க்குள் மடிகிறதா என்றுகூடக் கவனிப்பேன். ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் செயல்நினைவை, அதாவது ஒரு வேலை நடக்கும்போது மனம் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கும் நினைவைப் பற்றி எழுதியபோது தொடங்கி வைத்த விளக்கம் இதற்குப் பொருந்தும். படித்த சொல்லையும் கேட்ட சொல்லையும் சில விநாடிகள் ஒலி வடிவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கும் ஓர் இடம் மனத்தில் இருக்கிறது. அது மிகச் சிறிய இடம். 1982இல் பேட்லியும் சலாமே என்பவரும், திரையில் காட்டிய எண்களை நினைவில் வைக்கச் சொல்லி, பக்கத்தில் பேச்சை ஓடவிட்டார்கள். அதைக் காதில் வாங்க வேண்டாம் என்று சொல்லியும் நினைவு தடுமாறியது. எங்கள் தெரு அடிபம்பில் ஒரு நேரத்தில் ஒரு குடம்தான் நிற்கும். பேச்சு என்பது வரிசையில் நிற்காமல் தன் குடத்தை நுழைத்துவிடும் ஆள்.

இனி எப்படிச் செய்வது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நாள் காது கொடுங்கள்

ஹெட்போன் வாங்குவதற்கு முன் ஒரு பழைய நோட்டை எடுத்து, உங்கள் வீட்டில் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன சத்தம் எப்போது வருகிறது என்று எழுதுங்கள். எங்கள் வீட்டு நோட்டு இப்படி இருந்தது. காலை ஐந்துக்கு அடிபம்பு. ஆறரைக்குப் பால், பேப்பர். ஏழரை முதல் எல்லா வீட்டிலும் மிக்ஸி. ஒன்பதுக்கு மேல் தெரு அடங்கும். கூட்ஸ் வண்டிக்கு நேரம் காலம் கிடையாது. நான்கு மணிக்குப் பிள்ளைகள் வந்ததும் முனைத் திண்ணையில் கேரம் போர்டு. ஆறரைக்குப் பக்கத்து வீட்டில் முதல் சீரியல். பத்து மணிவரை வரிசையாக மருமகள்கள் அழுவார்கள்.

எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள். ஒரே சீராக ஓடுவது: மின்விசிறி, மழை, தூரத்து லாரிச் சாலை. திடீரென்று வந்து போவது: மிக்ஸி, ஹாரன், கேரம் காய், கூட்ஸ் வண்டி. மூன்றாவது, பேச்சும் பாட்டும். முதல் வகை உங்கள் நண்பன். இரண்டாவது, சகித்துக்கொள்ளக்கூடிய விருந்தாளி. மூன்றாவதுதான் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்.

கூட்ஸ் வண்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எனக்குப் பழகிவிட்டது என்பதால் எல்லோருக்கும் தீங்கில்லை என்று சொல்ல மாட்டேன். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் உயரப் பாலத்தில் ஓடும் ரயிலுக்கு ஒட்டிய பள்ளி ஒன்றை ஆர்லின் பிரான்சாஃப்ட் ஆராய்ந்து 1975இல் வெளியிட்டார். தண்டவாளப் பக்க வகுப்புகளில் படித்த பிள்ளைகள், அமைதியான பக்கத்தில் இருந்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கி இருந்தார்கள். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் அட்டை வைத்தார்கள். வகுப்பில் சத்தத்தை உறிஞ்சும் கூரை போட்டார்கள். 1981இல் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்திருந்தது. ஆகவே பிள்ளைகள் படிக்கும் மேசையைத் தண்டவாளப் பக்கத்து ஜன்னலுக்கு அடியில் போடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் இப்போது பீரோ நிற்கிறது.

நோட்டு தயாரானதும் படிப்பை அதற்குள் பொருத்துங்கள். படிப்பு எல்லாம் ஒன்று அல்ல. மனப்பாடம், கணக்கு, புதிய பாடம், மெய்ப்பு ஆகியவற்றைச் சொல் இல்லாத நேரத்தில் வையுங்கள். நான் காலை ஐந்து முதல் ஏழரைவரை வைத்திருக்கிறேன். பம்பு அடிக்கும் ‘டொக்கு டொக்கு’ என்னை ஒன்றும் செய்வதில்லை. வரிசைச் சண்டை வந்தால் மட்டும் புத்தகத்தை மூடிவிட வேண்டியதுதான். எந்த சீரியலும் அதற்கு ஈடாகாது. சீரியல் நேரத்துக்குத் தேதி பார்ப்பது, பக்க எண் சரிபார்ப்பது, ஏற்கெனவே தெரிந்ததைப் புரட்டுவது போன்ற வேலைகளைத் தள்ளுங்கள்.

அடுத்து ஓட்டைகள். கதவுக்கு அடியில் விரற்கடை இடைவெளி இருந்தாலும் சீரியல் அதன் வழியாக வந்துவிடும். பழைய புடவையை உருளையாகச் சுருட்டி அங்கே போடுங்கள். ஜன்னலில் மெல்லிய திரைக்குப் பதிலாகக் கம்பளி தொங்கட்டும். செலவில்லாத வேலை, இதைச் செய்யாமல் யாரும் கருவி வாங்கப் போகக் கூடாது.

பாட்டு வேண்டும் என்பவர்களுக்கு

அண்ணன் மகனோடு வாதாடிப் பயனில்லை என்று ஒரு சோதனை வைத்தேன். நீங்களும் செய்து பாருங்கள். பாடப்புத்தகத்தில் இதுவரை படிக்காத நான்கு பக்கத்தைப் பாட்டோடு படிக்க வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகம் இருப்பதை எழுத வேண்டும். பிறகு அடுத்த நான்கு பக்கம், பாட்டில்லாமல். பாட்டோடு ஐந்து விஷயம் எழுதினான், பாட்டில்லாமல் பதினொன்று. ஒரு நாள் முடிவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று முறுக்கிக்கொண்டான். அது நியாயம்தான். மூன்று நாள் செய்தோம், ஒரு நாள் வரிசையை மாற்றி முதலில் பாட்டில்லாமல் படிக்க வைத்தேன். மூன்று நாளும் பாட்டு தோற்றது. என்னை வியக்க வைத்தது வேறு: பாட்டோடு படித்தபோதுதான் நன்றாகப் படித்ததாக அவன் ஒவ்வொரு நாளும் நினைத்தான்.

பிடித்த பாட்டானால் படிப்புக்கு உதவும் என்பது பலருடைய நம்பிக்கை. பிரிட்டனில் நிக் பெர்ஹாம் என்பவர் இதைச் சோதித்தவர்களில் ஒருவர். 2014இல் வெளியான ஆய்வில், சொல்லுள்ள பாட்டு படித்துப் புரிந்துகொள்வதைக் குறைத்தது; அது பிடித்த பாட்டா பிடிக்காத பாட்டா என்பது அதைக் காப்பாற்றவில்லை. சொல்லில்லாத இசையோடு படித்தவர்கள் அந்த அளவுக்குச் சறுக்கவில்லை.

சொல்லில்லாத இசை என்றதும் சினிமாப் பாட்டைப் புல்லாங்குழலில் வாசித்ததைப் போட்டுக்கொள்ளாதீர்கள். குழல் மெட்டை மட்டும் கொடுக்கும். வரியை உங்கள் வாய் தானாகப் போட்டுக்கொள்ளும். நாகஸ்வரத்தில் தெரிந்த கீர்த்தனை வந்தாலும் அதே கதை. தெரியாத மொழிப் பாட்டு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதையும் நம்பி உட்கார முடியாது. வடசென்னையில் தெலுங்குப் பாட்டு வைத்தால் எந்த வீட்டில் புரியாமல் இருக்கும்? எனக்குப் பாதி புரியும், அந்தப் பாதி போதும் வேலையைக் கெடுக்க.

கட்டாயம் இசை வேண்டும் என்றால் நான் சொல்வது இரண்டு. ஒன்று, தம்புரா சுருதி மட்டும். போனில் சுருதிப் பெட்டிச் செயலிகள் இருக்கின்றன. பாடகர்கள் சாதகத்துக்கு வைத்துக்கொள்வது. மெட்டு இல்லை, சொல் இல்லை, மாற்றம் இல்லை. இரண்டு, வீணையிலோ வயலினிலோ நிதானமான ராக ஆலாபனை, தாளம் சேர்வதற்கு முன்பு வரை. தனி ஆவர்த்தனம் வேண்டாம். மிருதங்கம் அடுத்து என்ன செய்யப் போகிறது என்று மனம் காத்திருக்க ஆரம்பித்துவிடும்.

மொசார்ட் கேட்டால் மூளை கூர்மையாகும் என்று பிள்ளைகளுக்குப் போட்டுவிடுபவர்கள் உண்டு. 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு 36 கல்லூரி மாணவர்களிடம் நடந்தது. அவர்கள் பத்து நிமிடம் கேட்டு முடித்த பிறகு வடிவங்களை மடித்து வெட்டிப் பார்க்கும் மாதிரியான புதிரைச் செய்தார்கள். பலன் கால் மணி நேரத்துக்குள் கரைந்துவிட்டது. வாசிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதில் எடுத்துக்கொள்ளக்கூடியது, கேட்ட பிறகு வேலை செய்தார்கள் என்பதுதான். பாட்டை முன்னால் கேளுங்கள், இடைவேளையில் கேளுங்கள். நான் முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, எழுந்து ஒரு முழுப் பாட்டு கேட்டுக்கொண்டே டீ போடுவேன். பாட்டு முடிவதற்குள் உட்கார மாட்டேன். பாதியில் விட்ட பாட்டு தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

சத்தத்தைச் சத்தத்தால் மூடுவது

பக்கத்து வீட்டுச் சீரியலை நிறுத்தச் சொல்ல முடியாது. அந்த அக்கா எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர். ஆகவே மூட வேண்டும். முழுதாக மூட வேண்டியதில்லை. சொல் கலைந்து குரல் மட்டும் மிஞ்சினால் போதும். அதற்குத்தான் மின்விசிறியும் இரைச்சல் பதிவுகளும்.

போனில் வெள்ளை, இளஞ்சிவப்பு, பிரவுன் என்று மூன்று இரைச்சல்கள் கிடைக்கும். வெள்ளை இரைச்சலில் எல்லா அதிர்வெண்ணிலும், அதாவது கனத்த ஒலியிலிருந்து கீச்சொலிவரை, ஆற்றல் சமம். நிலையம் கிடைக்காத பழைய டிவி போலச் சீறும். இளஞ்சிவப்பில் அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஆற்றல் 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைகிறது. ஓட்டு வீட்டில் மழை கேட்பது போலிருக்கும். பிரவுனில் 6 டெசிபல் குறைகிறது. காசிமேட்டுக் கடலைத் தூரத்தில் நின்று கேட்பது போல. ஒரு மெய்ப்புக்காரியின் வயிற்றெரிச்சல்: இதைப் ‘பழுப்பு இரைச்சல்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். இது நிறம் இல்லை. ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளரின் பெயரால் வழங்கும் பிரவுனிய இயக்கத்திலிருந்து வந்த பெயர். தயவுசெய்து பிரவுன் என்றே எழுதுங்கள்.

எதை எதற்குப் பயன்படுத்துவது? பேச்சைப் புரியவைக்கும் ஒலிகள் பெரும்பாலும் 500 முதல் 4000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன. பிரவுன் இரைச்சலின் பலம் அதற்குக் கீழே. லாரி உறுமலை அது மூடும். மருமகளின் வசனத்தை மூடாது. சீரியலுக்கு இளஞ்சிவப்புதான் சரி. மழைப் பதிவும் ஆகும், ஆனால் இடி, தவளை, பறவை இல்லாததாகப் பார்த்து எடுங்கள். இரண்டு நிமிடப் பதிவை ஒட்டி ஒட்டி ஓடவிடுவதும் வேண்டாம். ஒட்டு வரும் இடத்தை மனம் கண்டுபிடித்துவிடும். விளம்பரம் குறுக்கிடாமல் இருக்க முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

ஒலியளவை இப்படி வையுங்கள். பக்கத்து வீட்டு டிவி ஓடும் நேரத்தில் பூஜ்யத்திலிருந்து மெதுவாகக் கூட்டுங்கள். குரல் கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை என்ற இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்திவிடுங்கள். குரலே கேட்கக் கூடாது என்று மேலே போனால் காதுதான் பாழாகும். என் அனுபவத்தில் மின்விசிறியை நான்கில் வைத்துவிட்டால் போனில் பாதியைத் தாண்ட வேண்டியதில்லை.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது சீரான, கனத்த ஒலிகளைத்தான் நன்றாக நீக்கும். பேச்சில் அவ்வளவு திறமை இல்லை. அண்ணன் மகன் ஆசைப்பட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். மின்விசிறிச் சத்தம் காணாமல் போய், சீரியல் வசனம் முன்பைவிடத் துல்லியமாகக் கேட்டது. அதற்குள் இளஞ்சிவப்பு இரைச்சலையும் சேர்த்து ஓடவிட்ட பிறகுதான் சரியாயிற்று. மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்சுக் காதடைப்பு மிகவும் மலிவு. விரலால் மெல்லிய திரிபோல உருட்டி, மறு கையால் காது மடலை மேலே பின்பக்கமாக இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். பலர் உருட்டாமல் வாசலில் வைத்துவிட்டு இது வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

காதுக்கு ஒரு கணக்கு உண்டு. உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்வது, 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிறது. 83இல் 20 மணி, 86இல் 10 மணி. பஸ்ஸில் போகும்போது வைத்த ஒலியளவோடு வீட்டில் உட்கார்ந்து படிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தேர்வுக்கு முந்தைய மாதம்

குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி. அங்கே தம்புராவும் கிடையாது, மழையும் கிடையாது. ஒரு மின்விசிறி கிறீச்சிடும், மேற்பார்வையாளரின் செருப்பு நடக்கும், பின் பெஞ்சில் யாராவது இருமுவார்கள். எந்தத் துணையோடு படித்தீர்களோ அந்தத் துணை இல்லாமல் அங்கே உட்கார வேண்டும். கடைசி நான்கு வாரத்தில் இரைச்சலை நாளுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள். மாதிரித் தேர்வுகளைத் தொடக்கம் முதலே காதில் ஒன்றும் இல்லாமல்தான் எழுத வேண்டும். அண்ணன் மகன் இப்போது அதற்காக நூலகத்துக்குப் போகிறான். அங்கே நாற்காலி இழுபடும் சத்தத்தைப் பற்றி வந்து புகார் சொல்கிறான். தேர்வு அறையிலும் இழுபடும் என்றேன்.

எதுவும் பலிக்காத நாட்கள்

சாவு விழுந்த வீட்டில் இரவு முழுக்கக் கானா பாடுவார்கள். அன்று புத்தகத்தைத் திறப்பதில்லை. போய் உட்கார்ந்துவிட்டு வருவதுதான் முறை. ஆடி மாதம் வேறு. கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டிவிடுவார்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விழாக்களுக்கென்று வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவுவரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. நான் இதைப் பிள்ளைகளிடம் ஒரு முறை சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, எனக்கு ஒரு சொம்பு கூழ் கூடுதலாக ஊற்றினார்கள்.

அந்த ஞாயிறுகளுக்கென்று ஒரு கட்டு ஒதுக்கி வைத்திருக்கிறேன். பொருளடக்கத்தில் இருக்கும் பக்க எண்ணும் உள்ளே இருக்கும் பக்க எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கும் வேலை. எண்ணை விரலால் தொட்டுக்கொண்டே போனால் அம்மன் பாட்டு குறுக்கே வருவதில்லை. கூட்ஸ் வண்டி போகும்போது மட்டும் டம்ளர்களை ஒரு கையால் பிடித்துக்கொள்கிறேன்.